ஆஸ்பிரினுக்கும் பாராசிட்டமாலுக்கும் பொதுவான துண்டு எது?

இரண்டு மருந்து மூலக்கூறுகளின் பொதுப் பகுதியைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீட்டில் கிடக்கும் இரண்டு மாத்திரைகளை வைத்தே பார்க்கலாம்.

மூலக்கூறு ஒரு கிராஃப்: அணுக்கள் முனைகள், பிணைப்புகள் கோடுகள். ஹைட்ரஜனை விட்டுவிட்டால் ஆஸ்பிரினில் 9 கார்பன், 4 ஆக்சிஜன். பாராசிட்டமாலில் 8 கார்பன், 2 ஆக்சிஜன், 1 நைட்ரஜன்.

அழகே இனிமேல்தான். இரண்டையும் நேரடியாக ஒப்பிடாமல் மூன்றாவதாக ஒரு கிராஃப் வரைகிறோம். அதன் ஒவ்வொரு முனையும் ஒரு ஜோடி: இங்கிருந்து ஓர் அணு, அங்கிருந்து அதே தனிமத்தின் ஓர் அணு. கார்பனுக்கு 9×8=72, ஆக்சிஜனுக்கு 4×2=8, ஆக 80 முனைகள். நைட்ரஜனுக்கு ஜோடியே இல்லை. இரண்டு ஜோடிகளை எப்போது கோட்டால் இணைப்பது? அந்த அணுக்கள் இரு மூலக்கூறிலும் ஒரே வகைப் பிணைப்பால் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது இரண்டிலுமே சேராதிருக்க வேண்டும். ஓர் அணு இரண்டு ஜோடிகளில் வரக் கூடாது. இப்போது, எந்த இரு முனைகளை எடுத்தாலும் இடையே கோடு இருக்கும் மிகப் பெரிய கூட்டத்தைத் தேடுங்கள். அதுதான் விடை! வேதியியல் கேள்வி 'கிளிக்' தேடும் கணக்காகிவிட்டது. 1973-இல் லெவி என்ற ஆய்வாளர் காட்டிய வழி இது. அதே ஆண்டு பிரான், கெர்போஷ் இருவரும் வெளியிட்ட தேடல் முறை இதற்கு அப்படியே பொருந்தும்.

நம் ஜோடிக்கு விடை 9 அணுக்கள்: பென்சீன் வளையம் (ஆறு கார்பன்) ஒரு பக்கம், அசெட்டைல் தொகுதி (இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன்) ஒரு பக்கம், நடுவில் பாலம் இல்லாமல்; இரண்டையும் இணைக்கும் அணு ஆஸ்பிரினில் ஆக்சிஜன், பாராசிட்டமாலில் நைட்ரஜன். ஒரே துண்டாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் 7 மட்டுமே, வளையமும் அதில் ஒட்டிய ஆக்சிஜனும்.

ஆர்டிகிட் (RDKit) என்ற இலவச மென்பொருளில் இதைச் சில வரிகளில் செய்யலாம். இளங்கலை வேதியியல் ஆய்வகத்தில் இதற்குக் கட்டாயம் இடம் வேண்டும் என்பேன். ஆனால் கவனம்: வளையப் பிணைப்புகளை அரோமாட்டிக் (ஆறும் ஒரே மாதிரியானவை) என்று குறிக்காமல் ஒற்றை, இரட்டை என்றே விட்டால், ஆர்த்தோ நிலையில், அதாவது அடுத்தடுத்த கார்பன்களில், இரு தொகுதிகள் உள்ள ஒரே வளையம்கூட எழுதிய விதத்தால் வேறாகத் தெரியும். பெரிய, சமச்சீரான மூலக்கூறுகளில் தேடல் கட்டுக்கடங்காமல் நீளும். ஒரு பென்சீன் வளையத்தை இன்னொன்றின்மேல் பொருத்தவே 12 வழிகள் உண்டு. அதனால் நேர வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் அதுவரை கிடைத்த சிறந்த துண்டே வரும். 'ரத்தானது' என்ற குறியைப் பார்க்காமல் அதை முடிவாக எழுதிவிடாதீர்கள்.

தனிமம் எதுவானாலும் சரி என்று தளர்த்தினால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஜோடி சேர்ந்து, விடை ஒரே துண்டாக 10 அணுக்களாகும். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஆஸ்பிரினில் பாலமாக நிற்கும் எஸ்தர் ஆக்சிஜன் தன் அசெட்டைலை எளிதில் விட்டுக்கொடுக்கும். அந்த அசெட்டைல், வலி, வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உருவாக உதவும் காக்ஸ் (COX) நொதியின் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டி நொதியை முடக்குகிறது. பாராசிட்டமாலின் அமைடு நைட்ரஜன் அப்படி விடாது. மருந்தின் வேலை நடக்கும் அந்தப் பாலத்தையே தளர்த்திய அமைப்பு 'ஒன்றே' என்று காட்டுகிறது.