சுழிமிகை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு பள்ளியில் பல் பரிசோதனை நடக்கிறது என்று வையுங்கள். பதிவுத்தாளில் 0, 0, 0, 4, 0, 1, 0, 0, 7 என்று வரிசை நீளும். ஒவ்வோர் எண்ணும் ஒரு பிள்ளையின் வாய்: சொத்தைப் பல், சொத்தையால் பிடுங்கிய பல், அடைத்த பல் மூன்றும் சேர்ந்த கணக்கு. கிளைன், பால்மர், நட்சன் மூவரும் 1938-இல் அமெரிக்காவில் வகுத்த முறை இது.

இப்படிச் சுழி, அதாவது 0, குவிந்த தரவுக்கான கணக்கு முறையை ‘ஸீரோ இன்ஃப்ளேட்டட் மாடல்’ என்கிறார்கள். இன்ஃப்ளேட் என்பதற்கு லத்தீன் வேர் ‘ஊதுதல்’. அதற்காக ‘சுழி வீங்கிய’ என்று எழுதினால், பல் விஷயத்தில் ஈறு வீக்கம்தான் நினைவுக்கு வரும். சொல்லவரும் பொருள், எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதே. ஆகவே சுழிமிகை. இங்கே நம் வீடுகளில் பூஜ்யம் என்றுதான் பழக்கம். பூஜ்யமிகை என்றாலும் சரி. மாடலுக்கு ‘மாதிரி’ மட்டும் வேண்டாம். சாம்பிளுக்கும் அதையே சொல்கிறோம், குழம்பும். மாதிரியம் என்போம்.

எதைவிட அதிகம்? நூறு பிள்ளைகள், சராசரி ஒரு பல். தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்று சொல்லும் பாய்சான் பரவல்படி 37 பேருக்குச் சுழி வரவேண்டும். தாளில் 57 இருக்கிறது. சுழிமிகை மாதிரியம் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். ஐம்பது பேருக்குச் சொத்தை வர வாய்ப்பே இல்லை. மற்ற ஐம்பது பேருக்குச் சராசரி இரண்டு பல். அவர்களிலும் ஏழு பேர் அதிர்ஷ்டத்தால் சுழியில் நிற்கிறார்கள். ஐம்பதும் ஏழும் 57. எந்தப் பிள்ளை எந்தச் சுழி என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சுழிக்காரர்களில் அந்த ஏழு பேருக்குத்தான் அடுத்த வருஷம் கவனிப்பு வேண்டும். அவர்களை மறைக்கும் சராசரியை நம்பித் திட்டம் போடக் கூடாது.

‘ஸீரோ இன்ஃப்ளேட்டட்’ என்ற பெயரைப் பரப்பியது புள்ளியியலாளர் டயான் லாம்பர்ட்டின் 1992 கட்டுரை. அது மின்சுற்றுப் பலகைகளின் பற்றவைப்புக் குறைகளைப் பற்றியது. 1999-இல் போனிங் குழுவினர் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட் பள்ளிப் பிள்ளைகளின் பல் கணக்கில் இந்த மாதிரியத்தைப் பொருத்தினார்கள்.

அப்புறம், ‘ஹர்டில் மாடல்’ வேறு. அதைத் தடைதாண்டல் மாதிரியம் எனலாம். அதில் சுழி எல்லாம் ஒரே வகை. சொத்தை வந்தவர்களை மட்டும் தனியாக எண்ணும். வளரும் பிள்ளைகளுக்குச் சுழிமிகையே பொருத்தம் என்பது என் எண்ணம். இன்றைய சுழி பல பேருக்கு ‘இன்னும் வரவில்லை’ என்பதுதானே.