வளாகத்தை அளக்கப் புறப்படும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

நாட்டு நலப்பணித் திட்டம், சம வாய்ப்பு மையம், துறை மன்றம் என ஏதேனும் ஓர் அமைப்பின் வழியாக, தங்கள் கல்லூரி வளாகம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஏற்றதாக உள்ளதா என்று ஆய்வு செய்து அறிக்கை தரும் மாணவர்கள் இருக்கிறார்கள். உழைப்பைக் கொட்டி எழுதப்பட்ட அந்த அறிக்கைகள் பெரும்பாலும் "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றே முடிகின்றன. இந்த இடத்தில்தான் மாணவர்கள் தங்கள் கோரிக்கையைத் தாங்களே வலுவிழக்கச் செய்கிறார்கள். அவர்கள் கேட்பது நிர்வாகம் மனமிரங்கித் தரும் சலுகை அன்று. சட்டம் நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருக்கும் கடமை.

அந்தச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம், 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றோடு கற்றல் குறைபாடு, புற உலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசம், மனநோய், தலசீமியா, பார்க்கின்சன் நோய் ஆகியனவும் அதில் அடங்கும். ஆய்வுக்குப் புறப்படும் குழு முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் சக்கர நாற்காலியை மட்டும் நினைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றினால், வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழரின் தேவை கண்ணில் படாமலே போய்விடும்.

அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும் என்றும், சேர்க்கைக்கான வயது வரம்பில் அவர்களுக்கு 5 ஆண்டுகள் தளர்வு தர வேண்டும் என்றும் பிரிவு 32 கூறுகிறது. தங்கள் கல்லூரியில் அந்த இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்பதை, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்டுப் பெறலாம். 30 நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

கட்டடத்தைப் பற்றிக் கேட்டால், "நாங்கள் சுயநிதிக் கல்லூரி, எங்களுக்கு இது பொருந்தாது" என்று சில நிர்வாகங்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. பொதுக் கட்டடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களும், கல்விக்காகப் பயன்படும் கட்டடங்களும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், இச்சட்டத்தின்கீழ் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது பிரிவு 45. விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூன் 15-இல். அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. மேலும், அணுகல் தொடர்பான 15(1)-ஆம் விதி, கட்டாயமாக இருக்க வேண்டியவற்றை வெறும் பரிந்துரைகளாக ஆக்கிவிட்டதால் சட்டத்துக்கு முரணானது என்று, ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது.

அளப்பதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 1 செ.மீ. உயர்வதற்குக் குறைந்தது 12 செ.மீ. நீளம் தேவை. நூலக வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ.; அதற்குக் குறைந்தது 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும். நான் பார்த்த ஒரு கல்லூரியில், இதே உயரத்துக்கு இரண்டு மீட்டரிலேயே சிமென்ட் பூசி முடித்திருந்தார்கள். அதில் ஏறுவதற்கு ஒரு மாணவியின் நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள், இறங்கும்போது அதே இரண்டு பேர் முன்னால் நின்று தாங்கிப் பிடித்தார்கள். ஆய்வுப் படிவத்தில் அது "சாய்தளம்: உண்டு" என்று பதிவாகியிருந்தது. எனவே உண்டு, இல்லை என்று எழுதாமல் அளவை எழுதுங்கள். கதவு திறந்த நிலையில் 90 செ.மீ. வழி கிடைக்கிறதா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் இருக்கிறதா, அந்தக் கழிப்பறை திறந்திருக்கிறதா அல்லது துடைப்பமும் வாளியும் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறதா, சாவி யாரிடம் உள்ளது என்பனவற்றையெல்லாம் நாளும் நேரமும் குறித்துப் பதிவு செய்வது நல்லது.

கட்டடத்துக்கு இணையாகக் கவனம் பெற வேண்டியது தேர்வு. பார்வையற்றோர், இரு கைகளும் பாதிக்கப்பட்டோர், பெருமூளை வாத பாதிப்பு உள்ளோர் ஆகியோர் விரும்பினால், சொல்வதை எழுதும் உதவியாளரை அனுமதிக்க வேண்டும் என்றும், ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் ஒன்றிய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. 40 சதவீதத்துக்குக் குறைந்த குறைபாடு உடையவராயினும், எழுதுவதில் உண்மையான இடர்ப்பாடு இருந்தால் இவ்வுதவி மறுக்கப்படக் கூடாது என்பதை, விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உதவியாளராகச் செல்ல முன்வரும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேர்வர் தாமே அழைத்து வரும் உதவியாளர், அந்த 2018 நெறிமுறைகளின்படி, அவரைவிட ஒரு படி குறைந்த கல்வித் தகுதி உடையவராக இருக்க வேண்டியிருந்தது; இப்போதுள்ள வரம்பைத் தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகவே உதவ விரும்புவோரின் பட்டியலை ஆண்டு, பாடம் வாரியாகப் பருவத் தொடக்கத்திலேயே தயாரித்துவிட்டால், தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஆள் தேடி அலைய வேண்டிய நிலை வராது.

அறிக்கையைக் கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறையின் எதிரிலும் உரிய சட்டப் பிரிவு, எடுத்த அளவு, இருக்க வேண்டிய அளவு ஆகிய மூன்றும் இருக்கட்டும். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். உரிமை மறுக்கப்பட்டது குறித்து விசாரிக்கும் அதிகாரமும், சாட்சிகளை அழைப்பது போன்றவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரமும் அவருக்கு உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்காத அமைப்பு, அதற்கான காரணத்தை 3 மாதங்களுக்குள் அவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவித்தாக வேண்டும். முறையீட்டில் பாதிக்கப்பட்ட மாணவரின் பெயரை எழுதுவதற்கு முன்பு அவருடைய சம்மதத்தைக் கட்டாயம் பெறுங்கள். தம் குறைபாட்டை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்பது அவருடைய முடிவு.