குட்டி ராட்டினத்துக்கு ஏன் பெரிய வரிசை?

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. தீம் பார்க் வாசலில் நானும் மனைவியும் ஒரு கணக்குப் போட்டோம். வருகிற கூட்டம் முழுக்க ரோலர் கோஸ்டர் பக்கம்தான் ஓடும். நமக்கு வேண்டியது குழந்தைகள் ஏறும் குட்டி ராட்டினங்கள். அங்கே யார் முண்டியடிக்கப் போகிறார்கள், ஆற அமரப் போகலாம். அப்படியே கண்ணில் பட்டதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு, பதினொன்றரை மணிக்குக் குட்டி விமான ராட்டினத்தின் வரிசையில் போய் நின்றோம். ஐம்பது நிமிடம் ஆயிற்று. இன்னும் இரண்டு சுற்றில் எங்கள் முறை என்கிறபோது, "அப்பா, உச்சா வருது" என்றாள்.

கூட்டம் எங்கே போகும் என்று யோசித்தோமே தவிர, எந்த ராட்டினம் எவ்வளவு வேகமாக ஆட்களை ஏற்றி இறக்கும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

குட்டி விமான ராட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு தூண், சுற்றிலும் 16 விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஒரு சுற்றுக்கு 32 பேர். அது சுற்றுவது என்னவோ ஒன்றரை நிமிடம்தான். ஆனால் அதற்கு முன் எல்லாரும் இறங்க வேண்டும், அடுத்தவர்கள் ஏற வேண்டும், ஒருவன் சிவப்பு விமானம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பான், ஒவ்வொரு பெல்ட்டையும் ஊழியர் இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 15 சுற்று, 480 பேர். இருக்கைகள் எல்லாம் நிரம்பினால்தான் இந்த எண்ணிக்கையும் வரும்.

ரோலர் கோஸ்டர் வேறு மாதிரி. அதன் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது பாதுகாப்பு விதி. இந்த ஏற்பாடு இருப்பதால் ஒரே பாதையில் இரண்டு மூன்று வண்டிகளை விட முடிகிறது. ஒன்று மேலே தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் ஆள் ஏறிக்கொண்டிருப்பார்கள். 24 பேர் உட்காரும் வண்டி நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். குட்டி விமானத்தைப் போல மூன்று மடங்கு.

இதைவிடவும் வேகமாக விழுங்கும் ராட்டினங்கள் உண்டு. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகையில் வண்டிகள் சங்கிலிபோல ஒன்றை ஒன்று தொடர்ந்து ஊர்ந்துகொண்டே இருக்கும். ஏறுபவர்கள் நகரும் நடைமேடையில் நடந்தபடியே ஏறுவார்கள். நின்று கிளம்புகிற வேலை இல்லாததால் மணிக்கு 2,000 பேருக்கு மேல் போய் வர முடிகிறது.

ஆக, கண்ணுக்குத் தெரியும் வரிசையின் நீளம் தனியாக எதையும் சொல்லாது. ரோலர் கோஸ்டருக்கு 720 பேர் நின்றாலும், குட்டி விமானத்துக்கு 240 பேர் நின்றாலும் காத்திருப்பது அதே அரை மணிதான். வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். பார்த்தால் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் இது எப்படிப்பட்ட வரிசைக்கும் பொருந்தும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல்தான் முறையாக நிரூபித்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1909இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், தொலைபேசி அழைப்புகளை வைத்து, வரிசைகளை ஆராயும் இந்தக் கணிதத் துறையைத் தொடங்கிவைத்திருந்தார்.

குழந்தைகளுக்கான ராட்டினங்கள் பெரும்பாலும் நின்று ஏற்றி, நின்று இறக்கும் வகை. அதனால் பூங்காவிலேயே பொறுமை மிகக் குறைந்தவர்களுக்கு மிக மெதுவாக நகரும் வரிசை வாய்க்கிறது. பூங்காக்காரர்களுக்கும் இது தெரியும். புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் பறக்கும் யானை ராட்டினத்தை 2012இல் வேறு இடத்துக்கு மாற்றியபோது, பக்கத்திலேயே அதே போல இன்னொன்றையும் கட்டினார்கள். நிற்கிற இடத்தில் ஒரு கூடாரம் போட்டு, உள்ளே குழந்தைகள் ஏறிக் குதித்து விளையாட வசதி செய்தார்கள். பெற்றோர் கையில் ஒரு பேஜரைக் கொடுத்தார்கள். முறை வந்ததும் அது கூப்பிட்டது. நான் பார்த்த அளவில் ஒரு பூங்கா குழந்தைகளுக்காகச் செய்த புத்திசாலித்தனமான காரியம் இதுதான்.

அப்படி ஒரு கூடாரம் இல்லாத பூங்காவுக்குப் போகிறவர்கள் காலையின் முதல் ஒரு மணி நேரத்தைக் குட்டி ராட்டினங்களுக்கே கொடுக்க வேண்டும். சங்கிலிபோல நகரும் வண்டிகள், பெரிய படகுகள், அரங்கக் காட்சிகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் மதியம்கூட வரிசை ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் ஒரு மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மணிக்கு 600 பேரை ஏற்றும் ஒரு ராட்டினம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதிலிருந்து பத்து வரை 400 பேர் வருகிறார்கள். வரிசையே கிடையாது. பத்திலிருந்து பதினொன்று வரை 900 பேர். 300 பேர் மிச்சம், அரை மணிக் காத்திருப்பு. அடுத்த மணியில் இன்னொரு 900, மிச்சம் 600, காத்திருப்பு ஒரு மணி. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை வருகிறவர்கள் 700ஆகக் குறைகிறார்கள். ஆனால் காத்திருப்பு குறையாது, 70 நிமிடமாக ஏறும். இரண்டு மணி வரை 600 பேர் மட்டுமே வந்தாலும் அதே 70 நிமிடம் அசையாமல் நிற்கும். வருகிறவர்கள் 600க்குக் கீழே இறங்கினால்தான் வரிசை கரையவே ஆரம்பிக்கும். குளியலறை வாளியில் தண்ணீர் நிறைவது மாதிரிதான். குழாயைக் கொஞ்சம் மூடினால் வாளி காலியாகிவிடாது.

ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஒன்பதரைக்கு வந்தவர் நான்கு ராட்டினம் ஏறி முடித்திருப்பார், பத்தரைக்கு வந்தவர் முதல் வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பார்.

வரிசை மிக நீளமாக இருக்கும் அந்த மதிய வேளையில்தான் வெயிலும் உச்சத்தில் இருக்கும், சின்னக் குழந்தைகளுக்குத் தூக்கமும் வரும். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிக்கொள்வதுதான் பல குடும்பங்களின் நாளைக் கெடுக்கிறது.

வெயிலை முதலில் பார்ப்போம். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாக இருந்தால், அந்தப் பரப்பு வழியே வெப்பம் உள்ளே போகும். வியர்த்துக் குளிர்வதிலும் குழந்தைகள் நம்மைவிடப் பின்தங்கியவர்கள்தான். விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதே தெரியாது, எனவே கேட்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்லது என்று நினைத்துப் பலர் செய்யும் ஒரு காரியம் ஆபத்தானது: தள்ளுவண்டியை மெல்லிய துணியால் முழுவதும் மூடுவது. வெயில் மறையும், ஆனால் காற்றும் நின்றுவிடும். உள்ளே வெப்பம் வெளியில் இருப்பதைவிட ஏறிவிடும். மேலே குடை போல மறைப்பு இருக்கட்டும், பக்கவாட்டுகள் திறந்தே இருக்கட்டும்.

தூக்கத்தின் கதை மூளைக்குள் நடப்பது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக் கூடத் தூக்கம் அழுத்தும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த அழுத்தம் நமக்கு ஏறுவதைவிட வேகமாக ஏறும், அதனால்தான் அவர்களுக்குப் பகல் தூக்கம் தேவைப்படுகிறது. பெரியவர்கள் ஒரு காபி குடித்து அடினோசினை ஏமாற்றிவிடுகிறோம். குழந்தைக்கு அந்த வழி இல்லை. தூங்க வேண்டிய நேரத்தைத் தாண்டி இழுத்துப் பிடித்தால் உடல் விழிப்புக்கான சுரப்புகளைக் கொட்டும். துள்ளலாக இருக்கிறாளே என்று நாம் நினைப்போம். அரை மணியில் ஐஸ்கிரீம் சாய்ந்துவிட்டது என்று தரையில் புரண்டு அழுவாள்.

அதனால் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வெளியே போய்விட்டு மாலையில் திரும்புவதுதான் நல்ல திட்டம். தங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே தூங்கட்டும். இல்லையென்றால் குளிரூட்டிய உணவுக்கூடமோ, இருட்டான காட்சி அரங்கமோ போதும். டிக்கெட் காசு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த மூன்று மணி நேரத்தில் உள்ளே இருந்தாலும் கூடிப்போனால் இரண்டு ராட்டினம்தான் ஏறியிருப்பீர்கள் என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது. வெளியே போவதற்கு முன், திரும்ப நுழைய அனுமதி உண்டா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் கிடையாது.

அப்புறம் இந்த விரைவு வரிசை. டிஸ்னி பூங்காக்கள் 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. நேரம் குறித்த சீட்டு வாங்கிக்கொண்டு, அந்த நேரத்துக்கு வந்து தனி வழியாக ஏறலாம் என்று அப்போது இருந்தது. இப்போது பல பூங்காக்களில் இப்படி ஏதோ ஒன்று, பெரும்பாலும் காசுக்கு, இருக்கிறது. இதனால் ராட்டினத்தின் வேகம் கூடிவிடுவதில்லை. மணிக்கு 600 இடங்களில் 400ஐ விரைவு வரிசைக்கு ஒதுக்கினால் சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது 200. வெளியிலிருந்து பார்க்கையில் இருநூறு பேர்தானே என்று தோன்றும் வரிசை ஒரு மணி நேரம் எடுப்பது இப்படித்தான்.

உண்மையான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஏறும் வாசலுக்குச் சற்று முன்னால் நின்று, சாதாரண வரிசையிலிருந்து ஐந்து நிமிடத்தில் எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள் என்று எண்ணுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று வந்துவிடும். பிறகு வரிசையில் நிற்பவர்களைக் குத்துமதிப்பாக எண்ணி வகுத்துக்கொள்ளலாம். மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள். ஆனால் விடையை மட்டும் கேட்டுக்கொள்வாள்.

நடையையும் மறந்துவிடக் கூடாது. நான்கு வயதுக் குழந்தையின் கால் நம் காலில் ஏறக்குறைய பாதி நீளம்தான். நாம் ஒரு எட்டு வைப்பதற்குள் அது கிட்டத்தட்ட இரண்டு எட்டு வைக்க வேண்டும். வீட்டில் தள்ளுவண்டியை விட்டு வருடமாகிவிட்ட குழந்தைக்கும் அன்று ஒரு நாள் அது தேவைப்படும். சுழலும் ராட்டினங்களைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். உள்காதின் வளைகுழாய்களில் இருக்கும் திரவம், ராட்டினம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நிற்கிறோம் என்று கண் சொல்ல, சுற்றுகிறோம் என்று காது சொல்ல, நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. காலையில் கிளம்பும்போதே குழந்தையை அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தொலைந்துவிட்டால், என்ன நிறச் சட்டை என்ற கேள்விக்குப் பதறிப்போன தகப்பனுக்குப் பதில் வராது.

கடைசியாக உயரம். ராட்டின வாசலில் நிற்கும் அளவுகோல் எத்தனை குழந்தைகளை அழ வைத்திருக்கும்! 102 செ.மீ., 122 செ.மீ. என்பவை அடிக்கடி பார்க்கும் அளவுகள். 40 அங்குலம், 48 அங்குலம் என்று இருந்தவற்றைச் சென்டிமீட்டருக்கு மாற்றியதால்தான் இப்படி ஒழுங்கில்லாத எண்கள். சராசரியாக நான்கு வயதை ஒட்டி முதலாவதையும், ஏழு வயதை ஒட்டி இரண்டாவதையும் ஒரு குழந்தை எட்டும். வயதைக் கேட்காமல் உயரத்தை அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. மடிமேல் வந்து பூட்டிக்கொள்ளும் கம்பி தொடையில் அழுந்த வேண்டும், முதுகு சாய வேண்டும், கால் எட்ட வேண்டும். சின்னக் குழந்தைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்துத் தசை வலுவற்றது, உடலின் எடை மையமும் மேலே இருக்கும். வண்டி சட்டென்று திரும்பினால் கம்பிக்கு மேலாக வழுகிப் போக வாய்ப்பு அதிகம். செருப்புக்குள் காகிதம் திணித்து உயரம் காட்டும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றுவது வாசலில் நிற்கும் ஊழியரை, கம்பியை அல்ல.

உயரம் போதாத குழந்தையோடு வரும் பெற்றோருக்கு, ஒருவர் ஏறிவிட்டு வந்ததும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறும் வசதி பல பூங்காக்களில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் அழுகையைத் தவிர்க்க வீட்டிலேயே அளந்துவிட்டு, எதில் ஏறலாம் எதில் முடியாது என்று முன்பே பேசிவிடுவது நல்லது. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடு இப்போது 118இல் இருக்கிறது. அவள் கேட்பது 122 செ.மீ. ரோலர் கோஸ்டர். இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள், எப்படியும் எட்டு, பத்து மாதம் ஆகும். அவள் வாரத்துக்கு இரண்டு முறை நிலையில் முதுகை ஒட்டி நின்று அளக்கச் சொல்கிறாள்.