இத்தாலியனுக்குத் தமிழ் வழியாகப் போங்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்து என்னிடம் இத்தாலியன் படிக்க வரும் அம்மாவுக்கு 58 வயது. மகள் ஓர் இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டு டூரினில் இருக்கிறாள். சம்பந்தியம்மாவோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மூன்றாவது வகுப்பில் சாப்பாட்டு மேசை உரையாடல் ஒன்றை வாசிக்கச் சொன்னேன். "போதும், நன்றி" என்று வர வேண்டிய இடத்தில் "பாஸ்தா, நன்றி" என்று வாசித்தார். நோட்டை வாங்கிப் பார்த்தால் பாடம் முழுவதும் தமிழ் எழுத்தில் இருந்தது.

உணவின் பெயரில் வருவது 'பல்'லின் ப. 'போதும்' என்பதற்கான சொல்லில் வருவது 'பயம்' என்னும்போது நாம் சொல்லும் ப. தமிழில் எழுதினால் இரண்டும் பாஸ்தாதான். நண்பனுக்கான சொல்லும் அப்படியே. 'அமிகோ' என்று எழுதி, 'தங்க'த்தின் க போல வாசித்தால் அது ஸ்பானிஷ் சொல்லாகிவிடும். 'அமிக்கோ' என்று எழுதினால் ஒற்று அழுத்தி விழும், அதுவும் தப்பு. அதனால் என் வகுப்பில் முதல் நாளே கேட்டுக்கொள்வது இதுதான்: தமிழில் எழுதிவைக்காதீர்கள். இத்தாலியனுக்கு 21 எழுத்துதான். ஒரு வாரம் வாய்விட்டு வாசித்தால் பழகிவிடும்.

எழுத்தைத்தான் ஒதுக்கச் சொல்கிறேன், தமிழை அல்ல. பெங்களூரில் இருபது வருடம் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவர்கள் இத்தாலியனையும் ஆங்கிலத்தின் தோளில் ஏறிப் படிக்கிறார்கள். அங்கேதான் சறுக்குகிறது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியனில் 'மி பியாச்சே இல் கஃப்பே'. 'மி' என்றால் எனக்கு, 'பியாச்சே' என்றால் பிடிக்கும். அப்படியே நம் வாக்கியம். ஆங்கில வழியில் வருபவர் 'நான்' என்று ஆரம்பித்துவிட்டுத் திண்டாடுகிறார். வினையும் அப்படித்தான். 'பேசுகிறேன்' என்றாலே நான்தான் என்று தெரிகிறதே, 'பார்லோ' என்றாலும் தெரியும். 'பார்லி' என்றால் பேசுகிறாய். வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான், நான்' என்று போட வேண்டியதே இல்லை. தாத்தா 'நொன்னோ', ஒன்பதாவது 'நோனோ'. கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சிரமமே அல்ல.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. அங்கே மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சொல்லை அதன் முன்னால் வரும் 'இல்', 'லா' போன்ற சிறு சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். கைக்கான சொல் 'மானோ', ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால். 'லா மானோ' என்றே நாக்கில் ஏறட்டும்.

"இந்த வயசுல ஏறுமா மேடம்?" என்று கேட்காதவர் இல்லை. 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, முப்பது வயதுவாக்கில் இந்தியாவுக்கு வந்த பிறகுதான் தமிழ் படித்தார். அவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்கிறோம். நமக்கு வேண்டியதோ கடையில், பேருந்தில், சாப்பாட்டு மேசையில் பேசும் அளவுக்கு மட்டும்.

தேர்வு விஷயத்திலும் கவனமாக இருங்கள். இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்பவருக்கு 2018 முதல் பி1 நிலை வேண்டும், அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுத்தர நிலை. நீண்டகால வசிப்புரிமைக்கு அதற்கு ஒரு படி கீழான ஏ2. மகளைப் பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு விசா வாங்க மொழித் தேர்வே கிடையாது. இது தெரியாமல் தேர்வுப் பயிற்சிக்கென்று பெரிய தொகையைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்களைப் பார்க்கும்போது வயிறெரிகிறது. பணம் கட்டும் முன் எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதற்கு எந்த நிலை தேவை என்று கேளுங்கள்.

போன சனிக்கிழமை அந்த அம்மா கேட்டார்: "சம்பந்தியை நீன்னு சொல்லணுமா, நீங்கன்னு சொல்லணுமா?"

"முதல்ல 'லேய்'னு மரியாதையாவே ஆரம்பிங்கம்மா. அவங்களே 'தியாமொச்சி தெல் தூ'ன்னு சொன்னா, அப்புறம் 'தூ', அதாவது நீ."

"சம்பந்தியைப் போய் நீங்கிறதா!"

அங்கே அது உரிமை, மரியாதைக் குறைவு இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.