தொழில் ரகசியம் களவுபோனால் முதலில் கேட்கப்படும் கேள்வி

கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு வந்தார். தம்மிடம் உற்பத்தி மேலாளராக இருந்தவர் வேலையை விட்டு, இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகப் பட்டறை போட்டு, இங்கிருந்து கொண்டுபோன இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) வரைபடங்களையும் டீலர் விலைப்பட்டியலையும் வைத்தே தம் வியாபாரத்தை இழுக்கிறார் என்பது அவருடைய புகார். "இன்னிக்கே போலீஸ்ல கொடுத்து உள்ள தள்ளிடணுங்க, வக்கீல் சார்" என்றார். அந்த வரைபடங்களை யார் யாரால் பார்க்க முடிந்தது என்று மட்டும் நான் கேட்டேன். அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்; வரைபடங்களோ வார்ப்படக்காரர் உட்பட முப்பது பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் கிடந்தன.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. அப்படியொரு சட்டம் தேவை என்று இந்தியச் சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் அளித்த 289ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தச் சட்டம், பதிப்புரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், நம்பிக்கை மீறல் பற்றிய பொதுச் சட்டக் கோட்பாடு ஆகியவற்றைக் கொண்டுதான் வழக்கை அமைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தகவல் ஊரறிந்தது அல்ல, நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டது, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டது என்ற மூன்றையும் வாதிதான் காட்ட வேண்டும். 1987இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த ஜான் ரிச்சர்ட் பிராடி வழக்கில், தீவன உற்பத்தி இயந்திரத்தின் வரைபடங்களை உதிரிபாகம் செய்து தருவதற்காகப் பெற்றுக்கொண்டு, ஆர்டர் கைகூடாத பிறகு அதே மாதிரி இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே நீதிமன்றம் 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில், வாடிக்கையாளர் விவரங்களைக் காரணம் காட்டி முன்னாள் ஊழியரைக் கட்டிப்போட மறுத்தது.

வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டுகள் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று இணையத்திலிருந்து எடுத்தொட்டிய நிபந்தனையைப் பல ஒப்பந்தங்களில் பார்க்கிறேன். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு முன் அது நிற்காது. எந்தெந்தத் தகவல் ரகசியம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை வெளியிடக் கூடாது என்று எழுதும் நிபந்தனைக்கே பலம் உண்டு.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்ற பதிலே வரும். கணினியிலிருந்து அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்கத்துடன் தரவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆவது பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றாலும், எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து வைத்தவர் "அனுமதியின்றி" என்பதை எப்படி நிரூபிப்பார்?

சான்றுகளைப் பெரும்பாலும் நிறுவனமே அழித்துவிடுகிறது. விலகியவரின் மடிக்கணினியை மறுநாளே ஃபார்மட் செய்து புதியவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தொடாமல் பூட்டி வைத்து, வல்லுநரைக் கொண்டு நகலெடுத்து, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு கோரும் சான்றிதழை ஹாஷ் மதிப்புடன் (நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) பெற்றுக்கொள்வது அவசியம். காலதாமதமும் ஆபத்தானது. வணிக நீதிமன்றத்துக்குரிய வழக்காக இருந்தால், அவசர இடைக்கால நிவாரணம் கோராத வாதி வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சமரச மையத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்தவர் அவசரம் என்று சொன்னால் நீதிபதி நம்புவது கடினம். இன்னொன்று, பாதுகாக்க வேண்டிய ரகசியத்தையே பிராதின் இணைப்பாகத் தாக்கல் செய்துவிடக் கூடாது. நீதிமன்ற அனுமதி பெற்று மூடிய உறையில் அளிக்கலாம்.

பம்ப்செட் வழக்கில் வரைபடங்களை நாங்கள் விட்டுவிட்டோம். உரிமையாளரும் மேலாளரும் மட்டுமே திறக்கக்கூடியதாக இருந்த டீலர் விலைப்பட்டியலை, ராஜினாமாவுக்கு முந்தைய இரவு மேலாளர் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தது கிடைத்தது. அதைப் பயன்படுத்த மட்டும் இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தப் பட்டறையில் இன்றும் பம்ப்செட் தயாராகிறது.