நாற்காலியின் அடிப்பக்கம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஐந்தடி நடைபாதையைத் தாண்டி வெயிலில் கிடக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே வெளிறிய இளஞ்சிவப்பு. அடியில் வாங்கிய நாளின் சிவப்பு. சாய்மானத்தைத் தடவினால் விரலில் வெண்பொடி ஒட்டும். "எல்லாம் வெயில் சூடு" என்பார் கடைக்காரர். ஆனால் அடிப்பக்கமும் ஏறக்குறைய அதே சூட்டில்தானே வெந்தது?

வேலையைத் தொடங்கி வைப்பது ஒளி; சூடு அதை முடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். தரையை எட்டும் வெயிலில் ஏறத்தாழ 295 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் சிறு பங்கே. இத்தகைய நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற, நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக். தூய பாலிப்ரோப்பிலீன் அந்தக் கதிரைப் பெரிதாக விழுங்குவதில்லை. உருக்கி வார்க்கும்போது ஆக்சிஜன் ஏறிப்போன சில மூலக்கூறுகள்தான் விழுங்கி உடைகின்றன. உடைந்த துண்டு பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டி, அடுத்த உடைவுக்கு வழி செய்கிறது. சங்கிலிகள் குட்டையாகக் குட்டையாக மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆக, வெளிறல் முழுவதும் சாயம் போனதால் வந்ததல்ல. வெண்பொடி, உடைந்து உதிர்ந்த பிளாஸ்டிக்கும், விலையைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருந்தால் அதுவும்தான்.

ஒரு பொருள் வெயிலைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனைக்கூடத்திலும் நாற்காலி வித்தைதான்: மாதிரித் தகட்டில் ஒரு பகுதியை மூடி வைத்து, மற்றதை விளக்கொளியில் காட்டிப் பிறகு ஒப்பிடுவார்கள். வடிகட்டி பொருத்திய செனான் விளக்கு வெயிலுக்கு மிக நெருக்கமானது. புற ஊதாக் குழல்விளக்கு மலிவு. அதில் 8 மணி நேரம் 60 டிகிரி செல்சியஸில் ஒளி, 4 மணி நேரம் 50 டிகிரியில் விளக்கணைத்து நீராவியைத் தகட்டின்மேல் வியர்க்க வைப்பது பழகிய முறை. மழையைத் தெளிக்காமல் பனியை ஏன் நகலெடுக்கிறார்கள்? மழை வழிந்தோடிவிடும், இரவுப் பனி விடியும்வரை ஊறும்.

அவசரப்பட்டால் சோதனை பொய் சொல்லும். சில விளக்குகள் 295 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிரையும் உமிழ்கின்றன. தரைக்கு வராத அந்தக் கதிர் வேறு வகை உடைவைத் தூண்டி, நல்ல பொருளைத் தோற்கடித்து, மட்டமானதை முன்னே நிறுத்திவிடலாம். "இத்தனை மணி நேரம் இத்தனை ஆண்டுக்குச் சமம்" என்ற விளம்பரக் கணக்கை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் ஈர வெயிலுக்குத் தெற்கு ஃபுளோரிடாவிலும், வறண்ட வெயிலுக்கு அரிசோனாவிலும் இன்றும் தகடுகளைச் சட்டங்களில் மாட்டி ஆண்டுக்கணக்கில் காயவிடுகிறார்கள். ஃபுளோரிடா நமக்குத் தூரத்து உறவு. அரிசோனாவில் மட்டும் தேறிய பெயிண்ட்டை பினாங்குச் சுவருக்கு நான் வாங்கமாட்டேன்.