இடுக்கு வழியாக மலையுச்சிக்கு: முதலில் திரும்பும் நேரத்தைக் குறியுங்கள்

"போக வர பதினாறு கிலோமீட்டர்தானே, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்." மலையேற்றக் குழுக்களைக் கூட்டிப்போகும் என்னிடம் அடிக்கடி சொல்லப்படும் வாக்கியம் இது. சொல்பவர் தூரத்தை மட்டும் பார்த்திருப்பார். ஏற்றத்தைப் பார்த்திருக்க மாட்டார், உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடை ஓடும் குறுகலான இடுக்கைப் பற்றி யோசித்தே இருக்க மாட்டார்.

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் எல்லோரும் தொடங்குவது அதில்தான். 16 கிலோமீட்டர், 1200 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தே கால் மணி நேரம்கூட வராது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஓரளவு சீரான பாதைக்கான கணக்கு.

இதில் போக 4, வர 4 என்று 8 கிலோமீட்டர் இடுக்குக்குள் என்று வையுங்கள். அங்கே நடை என்பதே கிடையாது. பாறைக்குப் பாறை தாவ வேண்டும், கையை ஊன்றி ஏற வேண்டும், ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடக்க வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஆக இடுக்குக்கு மட்டும் 4 மணி நேரம். மீதி தூரத்துக்கு ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல், ஏற்றத்துக்கு 2. செங்குத்தான இறக்கத்துக்கு 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் வீதம் 40 நிமிடம். சாப்பிட, மூச்சு வாங்க ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒன்பதே கால். குழுவில் யாருக்காவது முழங்கால் மக்கர் செய்தால் அதுவும் போதாது.

சரி, நேரம் நிறைய ஆகும், ஆகட்டுமே என்று தோன்றலாம். இடுக்கு வழிப் பயணத்தில் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அதே இடுக்கை ஒரே நாளில் இரண்டு முறை கடக்கிறோம். காலையில் தெம்பாக, வானம் தெளிவாக இருக்கும்போது ஒரு முறை. களைத்துப்போய், கால் தடுமாறும் நேரத்தில் இன்னொரு முறை. மலைச் சரிவு வெயிலில் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகம் திரள்வதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். மேலே சொன்ன கணக்கில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் திரும்பும்போது இடுக்கின் மேல்வாய்க்குப் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து, மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால்? மூன்றே காலுக்குத்தான் உள்ளேயே நுழைவீர்கள்.

உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதுகூட இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் ஆன்டிலோப் இடுக்கில் பதினொரு பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். பெருமழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேல்பகுதியில். 2018 ஆகஸ்டில் இத்தாலியின் ரகனெல்லோ இடுக்கில் இதே மாதிரி திடீர் வெள்ளத்தில் பத்து பேர் இறந்துபோனார்கள். வெறும் பாறைச் சரிவு தண்ணீரைக் குடிக்காது. விழுந்ததை அப்படியே கீழே தள்ளிவிடும். அத்தனையும் சில அடி அகலச் சந்துக்குள் புகும்போது மட்டம் சட்டென்று ஏறும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்குபவர்களை நான் பிடித்து இழுத்திருக்கிறேன்.

எனக்கே ஒரு முறை அனுபவம். ஆறு பேர் குழு, இறக்கம், மேலே நீல வானம். ஓய்வெடுக்க உட்காரும்போதெல்லாம் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பது என் பழக்கம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குச்சி இரண்டு விரற்கடை உள்ளே நிற்கிறது. அப்புறம்தான் தண்ணீரைக் கவனித்தேன்: அடி மணல் தெரிந்த ஓடை கலங்கலாகியிருந்தது, காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. வேகமாக ஓடிக் கடந்துவிடலாம் என்றார்கள் இரண்டு பேர். வெளிவாய் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நான் எல்லோரையும் பக்கத்துப் பாறைத் திட்டுக்கு ஏற்றினேன். கால் மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காணோம். இரண்டரை மணி நேரம் ஈர உடையோடு அங்கேயே இருந்தோம்.

அதனால் வானிலையை அடிவாரத்து ஊருக்கு மட்டும் பார்க்காதீர்கள். ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அந்தப் பரப்பு முழுவதற்கும் இடிமழை வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி. முந்தின நாள் கனமழை பெய்திருந்தாலும் நான் இடுக்குப் பக்கம் போகமாட்டேன். முகடு வழியாக இறங்க வேறு பாதை இருந்தால், நீளமானாலும் அதையே திரும்பும் வழியாக வைத்துக்கொள்வேன்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். மேலே சொன்ன பயணத்துக்கு நான் பதினொன்றரை என்று எழுதுவேன். அந்த நேரத்தில் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவது, உச்சி கண்ணெதிரே இருந்தாலும். இதை மேலே போய் முடிவு செய்யலாம் என்று விட்டால், இன்னும் பத்தே நிமிடம் என்ற பேரம் தொடங்கும். அந்தப் பேரத்தில் வழிகாட்டிகளும் தோற்றிருக்கிறோம்.

மூட்டை பற்றி நீட்ட விரும்பவில்லை. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பது ஆபத்து. மாற்று உடை ஒன்று பாலித்தீன் உறைக்குள் இருக்கட்டும். பகல் பயணமானாலும் ஆளுக்கொரு ஹெட்லாம்ப் வேண்டும், இடுக்குக்குள் இருட்டு சீக்கிரம் விழும். உயர்ந்த பாறைச் சுவர்கள் செயற்கைக்கோளை மறைப்பதால் ஜிபிஎஸ் அங்கே தவறான இடத்தைக் காட்டும். செல்போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்க்கும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், காகித வரைபடமும் இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒருவரிடம் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற நான்கு வரி போதும். விசில் ஒன்றும் கழுத்தில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு: மலைகளில் இதுதான் உதவிக்கான அழைப்பு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால், யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.